கல்லறையில் பெயர் இல்லாத பட்டுப் படம்

நியூஜெர்சியில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்கிற விற்பனையில், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பட்டுத் துணிப் படத்தை வாங்கியிருக்கிறீர்கள். வெள்ளை கவுன் போட்ட பெண் ஒருத்தி கைக்குட்டையும் கையுமாக ஒரு கல்பீடத்தில் சாய்ந்து நிற்கிறாள். பீடத்தின்மேல் கலசம், அதற்கு மேல் கிளைகள் தொங்கும் மரம், தூரத்தில் ஒரு சர்ச். பீடத்தில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. இது எத்தனை வருடப் பழசு, கறுப்பாகத் தெரியும் தையல் இறந்தவரின் தலைமுடியா, "எழவு வீட்டுப் படத்தை யாராவது ஹாலில் மாட்டுவார்களா?" என்று திட்டும் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது: அந்தப் பெண் யாருக்காக அழுகிறாள்?

பழைய துணிகளைப் பழுது பார்த்துப் பாதுகாப்பது என் தொழில். அமெரிக்காவின் வடகிழக்குப் பக்கம் இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன். இந்த மாதிரிப் படங்கள் வருடத்துக்கு இரண்டு மூன்றாவது என் மேஜைக்கு வந்துவிடும். அதனால் சில விஷயங்களை அடித்துச் சொல்வேன். வேறு சிலவற்றை வெறும் போட்டோவை வைத்துக்கொண்டு யார் அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள், நானே சொன்னாலும் சரி.

அடித்துச் சொல்லக்கூடியது, படத்தின் வகை. 1800-க்கும் 1830-க்கும் இடையில் அமெரிக்கப் பெண்கள் பள்ளிகளில் ஒரு அலையாகப் பரவிய துக்கப் படம் இது. கலசமும் அழும் பெண்ணும் அதற்கு முன்பே இங்கிலாந்தில் மோதிரத்திலும் பதக்கத்திலும் வந்துவிட்டன. ஆனால் அமெரிக்காவில் அலையைக் கிளப்பிவிட்டது ஒரு சாவு. 1799 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன், மவுன்ட் வெர்னன் என்ற தன் பண்ணை வீட்டில் இறந்தார். 30 நாளைக்கு இடது கையில் கறுப்புத் துணி கட்டிக்கொள்ளும்படி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மக்களைக் கேட்டுக்கொண்டது. அவர் பிறந்த நாளான பிப்ரவரி 22, 1800-ஆம் வருடம் துக்க நாளாக அனுசரிக்கப்பட்டது. அமெரிக்கா என்கிற தேசமே ஒரு பெண்ணாக அவர் கல்லறை அருகில் நின்று அழுவதுபோல் படங்கள் அச்சாகி விற்றன. அவற்றைப் பார்த்துப் பள்ளிப் பெண்கள் பட்டில் தைத்தார்கள். முதலில் கல்லறையில் வாஷிங்டன் பெயர் இருந்தது. அப்புறம் அதே பீடம், அதே மரம், அதே பெண், பெயர் மட்டும் அப்பா, பாட்டி, பிறந்து எட்டு மாதத்தில் போன தம்பி என்று மாறிக்கொண்டே வந்தது.

யார் தைத்தார்கள் என்பதிலும் பெரிய சந்தேகம் இல்லை. பதின்மூன்றிலிருந்து பதினேழு பதினெட்டு வயது வரையுள்ள, வசதியான வீட்டுப் பெண்கள். பட்டு வெளிநாட்டுச் சரக்கு, பள்ளிக் கட்டணம் தனி, சட்டம் போடும் செலவு தனி. ஏழை வீட்டுப் பெண் தன் தையல் மாதிரித் துணியில் எழுத்தும் எண்ணும் தைத்துப் பழகினாள், படுக்கை விரிப்புகளுக்கு அடையாளம் போட அது போதும். துக்கப் படம் என்பது படிப்பின் கடைசிப் படி, கிட்டத்தட்டப் பட்டம் வாங்குவது மாதிரி. பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்ற ஊரில் மொரேவியர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய பெண்கள் பள்ளி, 1785 முதல் வெளியாரின் பெண்களையும் சேர்த்துக்கொண்டு பட்டுத் தையலுக்குப் பேர்போனது. மாசசூசெட்ஸில் டார்செஸ்டர் ஊரில் சாண்டர்ஸ், பீச் என்ற இரு பெண்கள் 1803-இல் ஒரு பள்ளி திறந்தார்கள். அதே மாநிலத்தில் சவுத் ஹேட்லியில் ஆபி ரைட் நடத்திய பள்ளியின் படங்களில் உலோக நூல் பளபளக்கும். ஃபிலடெல்ஃபியாவில் ஃபோல்வெல் தம்பதி: மனைவி தையல் கற்றுக்கொடுப்பார், கணவர் சாமுவேல் படம் வரைந்து கொடுப்பார். இப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கைவாகு இருந்தது. ஹூஸ்டனில் வாழ்ந்த பெட்டி ரிங் என்ற சேகரிப்பாளர், எந்தக் கைவாகு எந்தப் பள்ளியுடையது என்று பிரித்துக் காட்டுவதற்கே தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவழித்தார். இன்று ஏலக்காரர்கள் சொல்லும் பள்ளிப் பெயர்களில் பாதிக்கு மேல் அவருடைய உழைப்பின் மேல் நிற்கிறது.

படத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். வானம் தையலே இல்லை, பட்டின் மேல் தீட்டிய வாட்டர் கலர். முகமும் கையும்கூட அப்படித்தான். விரல்நுனி அளவுள்ள முகத்தில் ஊசியால் துக்கத்தைக் கொண்டுவருவது கஷ்டம் என்பதால் அதை ஆசிரியையோ, கூலிக்கு அமர்த்திய ஓவியரோ தூரிகையால் தீட்டிவிடுவார்கள். மாணவியின் பங்கு கவுன், மரம், புல், கல்லறை. கவுனைக் கவனியுங்கள்: முறுக்கு இல்லாத பட்டு நூலை நீள நீளமாக, மடிப்பு விழும் திசையிலேயே போட்டிருப்பாள். நிறம் ஒன்றுதான், திசை மாறும் இடத்தில் வெளிச்சம் மாறுகிறது, மடிப்பு எழுந்து நிற்கிறது. தொங்கும் கிளைகளுக்குக் காம்புத் தையல், புதருக்குப் புள்ளி புள்ளியாக முடிச்சுத் தையல். சில படங்களில் முன்பக்கப் புல்லுக்குச் செனில் நூல் இருக்கும். செனில் என்றால் பிரெஞ்சில் கம்பளிப்பூச்சி. நூலைப் பார்த்தால் ஏன் அந்தப் பெயர் என்று கேட்கவே மாட்டீர்கள்.

உங்கள் படத்தைச் சுற்றிக் கண்ணாடியில் கறுப்பாக ஒரு பட்டை தெரிகிறதே, அது கண்ணாடியின் பின்பக்கம் தீட்டிய வண்ணம். நல்ல நிலையில் உள்ள படங்களில் அந்தக் கறுப்பின் மேல் பொன் எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். செத்தவர் பெயர் என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். இல்லை, தைத்த பெண்ணின் பெயர். செத்தவர் பெயர் கல்லறையில் மையில் பொடியாக, தைத்தவள் பெயர் வெளியே தங்கத்தில். பெற்றோர் அதை வரவேற்பறையில்தான் மாட்டினார்கள், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. வருகிறவர்களில் மாப்பிள்ளை வீட்டாரும் உண்டு.

கலசத்தைப் பார்த்ததும் உங்களுக்கு அஸ்தி ஞாபகம் வந்திருக்கும். ஆனால் இந்தப் படங்களைத் தைத்தவர்கள் பிணத்தை எரித்தவர்கள் அல்ல. அமெரிக்காவின் முதல் நவீன எரிமேடையே பென்சில்வேனியாவில் 1876-இல்தான் வந்தது. எரிமலையில் புதைந்த பழைய ரோமானிய ஊர்களான பாம்பெயியும் ஹெர்குலேனியமும் தோண்டி எடுக்கப்பட்ட பிறகு ஐரோப்பாவைப் பிடித்துக்கொண்ட கிரேக்க ரோமானிய மோகத்தோடு சேர்ந்து வந்தது இந்தக் கலசம், உள்ளே ஒன்றுமில்லாத வெறும் சின்னம். எனக்குத் தெரிந்து ஒரு விதிவிலக்கு உண்டு. வாஷிங்டன் இறந்ததும் அவர் உறுப்பினராக இருந்த ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தின் மாசசூசெட்ஸ் கிளையார் அவருடைய மனைவி மார்த்தாவிடம் அவர் தலைமுடியில் கொஞ்சம் கேட்டு வாங்கினார்கள். பாஸ்டன் வெள்ளி ஆசாரி பால் ரெவியர் அதற்காகத் தங்கத்தில் ஒரு சின்னக் கலசம் செய்து கொடுத்தார். அந்தக் கலசத்தில் இருப்பது சாம்பல் இல்லை, முடி.

மரத்துக்கு வருகிறேன். கிளைகள் தொங்கும் அந்த மரம் வில்லோ. அதன் கிளையை ஒடித்து ஈர மண்ணில் நட்டால் வேர்விட்டுவிடும். அழுகையும் மறுபிறப்பும் ஒரே மரத்தில் கிடைத்ததால் யாரும் வேறு மரம் தேடவில்லை. வெட்டுப்பட்ட ஓக் மரம் இருந்தால் பாதியில் போன உயிர் என்று படிக்கலாம், இலையுதிராத மரம் அழியாத வாழ்வு. இதுவரை சரி. தூரத்துக் கப்பலை மட்டும் அவசரப்பட்டு ஆன்மாவின் பயணம் என்று எழுதிவிடாதீர்கள். கடலோர ஊர்ப் பெண்ணின் அப்பா உண்மையிலேயே மாலுமியாக இருந்திருக்கலாம். இன்னொன்று, இவ்வளவு அழகான கல்லறைத் தோட்டம் அன்று அமெரிக்காவில் அபூர்வம். சர்ச்சுக்குப் பக்கத்தில் நெருக்கியடித்துப் புதைத்த, நிழலில்லாத இடங்கள்தான் பெரும்பாலும் இருந்தன. மரமும் குளமும் மேடுமாகத் திட்டமிட்ட மவுன்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டம் பாஸ்டன் பக்கம் 1831-இல் திறந்தபோது, முப்பது வருடமாகப் பெண்கள் தைத்துக்கொண்டிருந்த இடம் ஒருவழியாக மண்ணில் வந்து சேர்ந்தது.

சரி, படம் ஆசிரியை வரைந்தது, முகம் ஓவியர் தீட்டியது, மரமும் கலசமும் எல்லாருடைய படத்திலும் உள்ளது. அப்படியானால் இது கூலிக்கு மாரடித்த கதைதானா? என் பதில் பாதி ஆமாம். பெயர் எழுதாத கல்லறைகள் நிறையவே இருக்கின்றன. வீட்டில் யாரும் சாகாதபோதும் பெண் பாடத்தை முடித்தாக வேண்டும். கல்லறை காலியாக இருக்கட்டும், வேண்டும்போது எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். தான் பிறக்கும் முன்பே போன தாத்தாவுக்குத் தைத்தவர்களும் உண்டு. கல்லறைத் தேதியை வைத்துப் படத்தின் வயதைச் சொல்வது அதனால்தான் ஆபத்து. துக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் அழும் பெண்ணின் முகத்தைப் பார்க்காதீர்கள். எங்கே பாடத்தை மீறியிருக்கிறாள் என்று பாருங்கள். ஒருமுறை என்னிடம் வந்த படத்தில் கல்லறை எழுத்து தனியாக ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. இரண்டு பெயர்கள், அளந்து நடுவில் எழுதியவை. அவற்றுக்குக் கீழே மிச்சமிருந்த அரை விரல் இடத்தில், வேறு கையெழுத்தில், வேறு மையில், மூன்றாவதாக ஒரு பெயர் நெருக்கி எழுதப்பட்டிருந்தது. வயது ஒன்பது மாதம். காகிதம் அந்த இடத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. சட்டத்தைக் கழற்றி எழுதிவிட்டு மறுபடி மாட்டியிருக்கிறார்கள். தையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை, தனியாகக் குறிப்பிட்டுச் சொல்லவும் எதுவுமே இல்லை. அந்த மூன்றாவது வரியைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

இனி முடி. அந்தக் காலத்தில் தலைமுடியால் தைத்தது உண்மை. கறுப்புப் பட்டும் முடியும் கலந்து, அச்சுப் படம் மாதிரியே நுணுக்கமாகத் தைத்தவை இருக்கின்றன. மேலே சொன்ன சாமுவேல் ஃபோல்வெல் முடிவேலையும் செய்துகொடுத்தவர்தான். ஆனால் கறுப்பாக, மெல்லிசாக இருப்பதெல்லாம் முடி ஆகிவிடாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பாட்டியம்மாவிடம், அவர் குடும்பப் படத்தின் கல்லறை எழுத்து முடியால் தைத்தது என்று நிச்சயமாகச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு அழுதார். அடுத்த வாரம் நுண்ணோக்கியில் பார்த்தால் அது பட்டு. கூப்பிட்டுச் சொன்னபோது, "நீ சொல்லாமலே விட்டிருக்கலாம்" என்றார். அன்றிலிருந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன். வீட்டிலேயே ஓரளவு நீங்கள் சோதிக்கலாம். பட்டு நூல் என்பது கண்ணுக்குத் தெரியாத பல இழைகளின் கற்றை, நல்ல லென்ஸில் பிரிபிரியாகத் தெரியும். முடி ஒற்றை இழை, விறைப்பாக, திரும்பும் இடத்தில் மடங்காமல் வளையும். அடுத்த அடையாளம் இன்னும் சுலபம். அக்காலத்துக் கறுப்பு, பழுப்புப் பட்டுக்கு இரும்பு உப்புச் சேர்த்துச் சாயம் ஏற்றுவார்கள், அது நாளடைவில் நூலையே அரித்துவிடும். கறுப்புத் தையல் உதிர்ந்து ஊசித் துளைகள் மட்டும் நிற்கின்றன என்றால் அது பெரும்பாலும் பட்டு. முடி அப்படி உதிராது, இருநூறு வருடம் கழித்தும் மினுமினுக்கும். உங்கள் போட்டோவில் மரத்தின் அடியில் துளைகள் தெரிகிற மாதிரி இருக்கிறது. முடி என்றே உறுதியானாலும், அது இறந்தவருடையதா, தைத்தவளுடையதா என்பதைக் குடும்பத்தில் யாராவது எழுதி வைத்திருந்தால் ஒழியச் சொல்ல வழியில்லை.

பள்ளிப் பாடத்துக்கு வெளியே தைத்த துக்கம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், நீங்கள் வாங்கிய வகையை விட்டுக் கொஞ்சம் விலகிப் பார்க்க வேண்டும். குடும்பப் பதிவேடு என்று ஒரு வகைத் தையல் உண்டு. கல்யாணத் தேதி, பிள்ளைகள் பிறந்த தேதி வரிசையாக, பக்கத்தில் இறந்த தேதிக்கு இடம் விட்டிருக்கும். சிலவற்றில் அந்த இடம் பாதிதான் நிரம்பியிருக்கும். தைத்தவளே அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பாள், அல்லது யாருக்கும் தைக்க மனம் வந்திருக்காது. இந்தத் துணிகளுக்கு எதிர்பாராத ஒரு வேலையும் வந்தது. அமெரிக்கச் சுதந்திரப் போர் வீரர்களின் விதவைகளுக்கு 1836, 1838 சட்டங்கள் பென்ஷன் கொடுத்தன, ஆனால் கல்யாணத் தேதியை நிரூபிக்க வேண்டும். அன்று எந்த அலுவலகத்தில் பதிவு இருந்தது? பைபிளில் எழுதி வைத்த பக்கத்தைக் கிழித்து அனுப்பினார்கள், சிலர் சுவரில் இருந்த தையலைக் கழற்றி அனுப்பினார்கள். அப்படிப் போன தையல் துணிகள் ஆறு இன்றும் வாஷிங்டன் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அரசாங்கம் திருப்பித் தரவில்லை.

இன்னொன்று, நேரில் பார்த்தால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. கென்டக்கியில் எலிசபெத் ரோஸ்பெரி மிட்செல் என்ற பெண் 1843-இல் செய்த ஒட்டுப்போர்வை. ஒஹாயோவில் இரண்டு மகன்களைப் புதைத்துவிட்டுக் கென்டக்கிக்குக் குடிவந்தவர் அவர். பழுப்பு நிறத் துணிகளில் நட்சத்திரக் கட்டங்கள், நடுவில் வேலி போட்ட ஒரு கல்லறைத் தோட்டம், அங்கிருந்து ஓரத்துக்கு ஒரு பாதை, ஓரத்திலும் வேலி. அந்த ஓரத்தில் சவப்பெட்டி வடிவில் வெட்டிய துணித் துண்டுகள், குடும்பத்தில் உள்ளவர்களின் பெயரோடு. ஒருவர் இறந்தால் அவர் பெட்டியை ஓரத்திலிருந்து பிரித்து நடுவில் வைத்துத் தைக்க வேண்டும். உயிரோடு இருக்கிறவர்களுக்கும் பெட்டி தயார். அதில் கிரேக்கப் பெண் இல்லை, கைக்குட்டை இல்லை, பொன் எழுத்து இல்லை. எந்த ஆசிரியையும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. இப்போது அது கென்டக்கி மாநில வரலாற்றுச் சங்கத்திடம் இருக்கிறது.

உங்கள் வகைப் படம் ஏன் நின்றுபோனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1830-களில் கல்லறையைக் காலியாக விட்ட அச்சுப் படங்கள் மலிவாக வந்துவிட்டன, பெயரைப் பேனாவால் எழுதிக்கொண்டால் போதும். கட்டம் கட்டமாக எண்ணித் தைக்கும் பெர்லின் கம்பளித் தையல் வந்தது, 1839-க்குப் பிறகு போட்டோவும் வந்தது. பெண்களின் படிப்பும் மாறியது. ஆபி ரைட் உலோக நூல் கற்றுக்கொடுத்த அதே சவுத் ஹேட்லியில்தான் 1837-இல் மேரி லயன், பெண்கள் வேதியியலும் கணிதமும் படிக்கும் மவுன்ட் ஹோலியோக் என்ற பள்ளியைத் தொடங்கினார்.

இனி உங்கள் படம். கவுனின் இடுப்பு மார்புக்குக் கீழேயே நிற்கிறது, கை உப்பவில்லை. அதனால் உண்மையான பழைய படமாக இருந்தால் 1805-இலிருந்து 1820-க்குள் வைப்பேன். "இருந்தால்" என்று சொல்லக் காரணம், பழைய மாதிரியை வைத்துத் தைத்த பிற்காலப் படங்களும் சந்தையில் நிறைய உண்டு. பின்பக்க ஆணிகளைப் பாருங்கள்: தண்டு சதுரமாக இருந்தால் நல்லது, உருண்டைக் கம்பி ஆணி என்றால் பெரும்பாலும் 1890-க்குப் பிறகு யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்ததாலேயே படம் போலி ஆகிவிடாது. தண்ணீர் எந்தக் காரணத்துக்கும் படக்கூடாது, வானம் கரைந்துவிடும். கண்ணாடியின் உட்புறத்தைத் துடைக்காதீர்கள், அந்தக் கறுப்பு வண்ணம் உரிந்து கையோடு வரும். ஜன்னலுக்கு எதிரில் மாட்டாதீர்கள். பட்டில் செங்குத்தாகப் பிளவுகள் தெரிந்தால் நீங்களாக ஒட்ட வேண்டாம்.

அம்மாவிடம், அந்தக் கல்லறையில் யாரும் இல்லை, ஒரு பதினைந்து வயதுப் பெண் தையல் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய படம் அது என்று சொல்லிப் பாருங்கள். பெயர் இல்லாததால் அதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. முழு உண்மையா என்பது சட்டத்தைத் திறந்தால்தான் தெரியும், ஒட்டியிருந்த காகிதம் உதிர்ந்து கீழே விழுந்து கிடந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். திறக்கக் கொடுக்கும்போது சட்டம் போடுகிறவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள்: பின்பக்கப் பலகையையும், அதற்குள் அடைத்திருக்கும் பழைய செய்தித்தாளையும் குப்பையில் போட்டுவிடக் கூடாது, அப்படியே உங்கள் கையில் தர வேண்டும்.